வாசம் வரல

நம் வயதுக்காரர்கள் யாரும் இனிமேல் காப்பிக்கொட்டை வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். போனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போய் வந்த எரிச்சல் அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு முன்னால் எனக்கு ஒரு பெட்டி அனுப்பினான். "கிரைண்டர் அனுப்பியிருக்கேம்மா" என்று போனில் சொன்னபோது, ஒற்றை ஆளுக்கு மாவாட்ட இருக்கிற கிரைண்டர் போதாதா என்று கேட்டுவிட்டேன். சிரித்தான். அது காப்பிக்கொட்டை அரைப்பதாம். பொடியாக வாங்கி வைத்தால் வாசம் போய்விடுமாம். கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைத்துக் குடிக்க வேண்டுமாம். பச்சைக் கொட்டையை வீட்டில் வறுத்து வீட்டில் அரைத்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அவன் பாடம் எடுக்கிறான்.

அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்துவிட்டேன். போன வாரம் வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் பாளையங்கோட்டையில் புதிதாக வந்திருக்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனான். பளபளவென்று கண்ணாடி ஜாடிகள். எந்த மலை, எவ்வளவு உயரம், எப்படி வறுத்தது என்று ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தது. கடையில் நின்ற பெண்பிள்ளை, இந்த ஜாடியில் சாக்லேட் வாசம் வரும், அந்த ஜாடியில் ஆரஞ்சு வாசம் வரும் என்று சொல்லிக்கொண்டே போனது. காப்பி வாசம் வருகிற ஜாடி எது என்று கேட்க நாக்கு துடித்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன்.

அது ஒரு ஜாடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டியது. நான் இழுத்துப் பார்த்தேன்.

"வாசம் வரல" என்றேன்.

அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் அடுத்த ஜாடியைத் திறந்தது. மகன் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது. இதே சொல்லை இதே குரலில் இன்னொருத்தி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்.

உங்களிடம் மறைப்பானேன். கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. மல்லிகையும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி கேஸ் அடுப்பைப் பற்றித்தான் இருக்கும். கேஸ் கசிந்தால் உனக்கு எப்படித் தெரியும், தனியாக இருக்கக்கூடாது, கிளம்பு கோயம்புத்தூருக்கு என்பான். அவன் வீட்டில் எனக்கு எல்லாம் இருக்கும், அடுப்பங்கரை மட்டும் இருக்காது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

இனி அந்தப் பழைய கதை. நாங்கள் திருநெல்வேலி டவுனில் குடியிருந்தோம். அப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எந்தச் சரக்கிலும் குறை கண்டுபிடிக்காமல் வாங்கமாட்டார். கத்தரிக்காயைக் காம்பு வரை திருப்பிப் பார்ப்பார். காப்பிக்கொட்டை விஷயத்தில் மட்டும் அவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. அது அம்மாவின் இலாகா.

அம்மா கடைக்குப் போனதில்லை, கடைதான் அம்மாவிடம் வந்தது. ரத வீதியில் கொட்டைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, புது மூடை பிரிக்கிற அன்றைக்கு ஒரு கைப்பிடி கொட்டையைக் கடையிலேயே வறுத்து, வாழைச்சருகில் கட்டி, மேலே காகிதம் சுற்றி மாதிரிக்கு அனுப்புவார். அப்பா அலுவலகத்திலிருந்து வரும் வழியில் வாங்கி வருவார். சில நாள் என்னை அனுப்புவார்கள். அந்தச் சூடு உள்ளங்கையில் இருப்பது எனக்குப் பிடிக்கும். அப்பா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டார். வழியில் பிரித்தால் வாசம் போய்விடும், அம்மாவுக்குப் போய்ச் சேரவேண்டியது அது என்பார்.

அம்மா கொட்டையைக் கையில் கொட்டி, இரண்டு கைகளையும் குவித்து, வாயால் ஒரு ஊது ஊதி, அப்புறம் மூக்கை உள்ளே வைப்பாள். பிறகு, உருண்டைக் கொட்டையில் இவ்வளவு, தட்டைக் கொட்டையில் இவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லுவாள். எங்கள் வீட்டில் என்ன எடுத்தோம் என்று கேட்டு அதையே வாங்குகிறவர்கள் தெருவில் உண்டு. அண்ணாச்சியே ஒரு மூடை சந்தேகமாக இருந்தால், உங்க வீட்டு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க என்பாராம். அப்பாவுக்கு அந்தப் பெருமையில் தலைகால் புரியாது.

வறுப்பதும் அம்மாதான். கைப்பிடி வைத்த இரும்பு உருளை ஒன்று இருந்தது. அதில் பச்சைக் கொட்டையைப் போட்டு மூடி, பின்கட்டில் கரி அடுப்பின் மேல் வைத்துச் சுற்றுவாள். உள்ளே கொட்டை தெரியாது. இருட்டான பின்கட்டில் தெரிந்தாலும் பிரயோசனமில்லை. புல் வாசம் போய், ரொட்டி வாசம் வந்து, அதுவும் மாறுகிற ஒரு நொடி உண்டு. அந்த நொடியில் உருளையை இறக்கி முறத்தில் கொட்டிவிடுவாள். இதெல்லாம் மூக்கால் நடந்த வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து, தூங்குகிறாள் என்றுதான் நினைப்பேன். ஆறிய கொட்டையை ஜன்னல் பலகையில் திருகி மாட்டிய மெஷினில் நாங்கள் அரைப்போம். அந்த மெஷினின் மரக்குமிழ் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கும். இப்போது அது எங்கே போயிற்றோ, யாருக்கும் தெரியாது.

அந்த வருடக் கோடையில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். கண் திறக்காமல் கிடந்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து அடுக்களையை ஏற்றுக்கொண்டாள். கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு டப்பாவை எடுத்தால் வேறு இடத்தில்தான் வைப்பாள். அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அவள் கிளம்பவில்லை. கோயிலில் ஆனித் தேர் முடியட்டும், நாலு சனம் வரும், இவளால் முடியாது என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டாள். அடுக்களையில் அம்மாவுக்கென்று மிச்சம் இருந்தது காப்பி மட்டும்தான். அதில் அத்தை கை வைக்கவில்லை. அவளுக்கே அம்மாவின் மூக்கின் மேல் மரியாதை இருந்தது.

தேருக்குக் கொட்டை எடுக்க வேண்டும். அண்ணாச்சி மாதிரிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான்தான் வாங்கி வந்தேன். அம்மா கையில் கொட்டினாள், ஊதினாள், மோந்தாள். மறுபடி ஊதி மறுபடி மோந்தாள். அப்பா சட்டையைக் கழற்றாமல் பக்கத்தில் நின்றார்.

"வாசம் வரல" என்றாள் அம்மா.

நம் பேச்சில் இருக்கிற வம்பு இதுதான். தூக்கம் வரல என்றால் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை, சொன்னவளுக்குத்தான். பசிக்கல என்றாலும் அப்படித்தான். வாசம் வரல என்றால் மட்டும் பழி சரக்கின் மேல் போய் விழுகிறது. அம்மா பொய் சொல்லவில்லை. முகத்தில் திகைப்போடு, உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். எனக்கு என்கிற ஒரு சொல்லை முன்னால் வைக்கவில்லை. அப்பா அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணாச்சி, போன தடவை கொடுத்த அதே தோட்டத்துக் கொட்டைதான் என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா கேட்கவில்லை.

"அவ வரலைன்னு சொன்னா வரலதான் வே. அவ மூக்கு பொய் சொல்லாது" என்றார்.

"நான் ஏன் சார் உங்க வீட்டுக்குப் போயி மட்டக் கொட்டையக் கொடுக்கப் போறேன்?" என்றார் அவர். குரல் அடைத்துப்போயிருந்தது. அத்தனை வருடப் பழக்கம் அன்றோடு முறிந்தது. அதன் பிறகு அப்பா அந்தக் கடையைத் தாண்டும்போது எதிர்ச் சாரியில் நடப்பார்.

அடுத்து ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. அதற்கும் அம்மா, வாசம் வரல என்றாள். இந்தத் தடவை சொல்லும்போது அத்தையைப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் அம்மாவுக்குத் தன் மூக்கு போனது புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். நான் வழியிலேயே அந்தப் பொட்டலத்தை மோந்திருந்தேன். எனக்கு நன்றாக வந்தது. அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். உனக்கு என்ன தெரியும், பேசாமல் இரு என்று ஒரு அதட்டல். நானும் என் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

பாபநாசத்தில் ஒருவர் மேலே மலைத் தோட்டத்துக் கொட்டையை இறக்கி விற்கிறார் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சாரல் ஆரம்பித்துவிட்ட காலம். மலை கண்ணுக்கே தெரியவில்லை. கோயிலுக்குப் போகவில்லை, அருவிக்குப் போகவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த ஆள் ஒரு கைப்பிடி வறுத்துக் கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பொட்டலம் என் மடியில். ஈரக்காற்றில் அதன் மணம் பஸ் முழுக்க நிறைந்து, முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து குனிந்து மோந்தேன்.

"மோந்து தீத்துராத பிள்ளே. உங்க அம்மைக்கு வேணும்" என்றார் அப்பா.

அவர் மூக்கைப் பக்கத்தில் கொண்டுவரவே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "நல்லா இருக்குல்லா?" என்று கேட்டாள். நல்லா மணக்கும்மா என்றேன். முன்கட்டுக்குப் போய், "இது நல்லா இருக்கு" என்றாள். அப்பா முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. ஊரெல்லாம் திரிந்து கடைசியில் பெண்டாட்டி மூக்குக்குத் தகுந்த கொட்டையைக் கொண்டுவந்துவிட்டார் அல்லவா. அன்றைக்கு அத்தையிடமே இரண்டு தடவை சொன்னார்.

பாபநாசத்திலிருந்து மூடை வந்து இறங்கியது. தேருக்கு முதல் நாள் அம்மா வறுக்க உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றினாள். அடிக்கடி உருளையை இறக்கி, நாலு கொட்டையை எடுத்து முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மறுபடி ஏற்றினாள். உருளையில் காதை வைத்தாற்போல் குனிந்து, கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டாள். புதுக் கொட்டை, புதுச் சத்தம். அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குக் கரிகிற வாசம் வர ஆரம்பித்தது. கண் எரிந்தது. அம்மா சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அத்தை முன்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏளா, தெருமுக்கு வரைக்கும் கருகுத வாசம் வருது. உனக்கு மூக்கா, என்னது அது?"

பாருங்கள், சரியான கேள்வியை அத்தை ஒருத்திதான் கேட்டாள். அதையும் திட்டாகக் கேட்டாள். அம்மா தலை நிமிரவில்லை. "சளி மதினி" என்றாள். அத்தை அவள் கையிலிருந்து உருளையின் பிடியை வாங்கிக்கொண்டாள். அம்மா கொடுத்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கருகினது போக இருந்ததை அத்தை வறுத்தாள். அவளுக்கு அதில் பழக்கமில்லை. தேரன்று வீடு நிறைந்த சனம். வடம் பிடித்து வியர்த்து வந்த சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, இது காப்பியா கஷாயமா என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தம்ளர்களைச் சேகரித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவுக்கு வந்த கோபமெல்லாம் பாபநாசத்துக்காரர் மேல். மாதிரிக்கு ஒன்று, மூடைக்கு ஒன்று கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று வாசல் பந்தலில் நின்று சத்தம் போட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த மனிதரை உலுக்கவேண்டும் போலிருக்கிறது. கடைக்காரர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டார். மலையைச் சந்தேகப்பட்டார், மழையைச் சந்தேகப்பட்டார். அம்மாவின் மூக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவளுக்கு நோய் வருவதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

அம்மா மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுக்களையில் மிச்சம் இருந்த ஒன்றும் போயிருக்கும். சொல்லாமலும் போயிற்று.

தேர் முடிந்து அத்தை ஊருக்குக் கிளம்பியபோது உருளையையும் கூடவே கொண்டுபோனாள். இங்கே சும்மாதானே கிடக்கப் போகிறது என்றாள். அம்மா மறுக்கவில்லை. வெகு வருடம் கழித்து ஸ்ரீவைகுண்டத்தில் அதைப் பார்த்தேன். நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சிக்கரி கலந்த பொடி வர ஆரம்பித்தது. மாதிரிப் பொட்டலம் பிறகு வரவேயில்லை. உருளைக்குப் பின்னாலேயே அம்மாவும் காப்பியை விட்டாள். உடம்புக்குச் சூடு என்றாள். நாங்கள் நம்பினோம்.

அதற்குப் பிறகு அவள் இருந்த வரைக்கும், அடுப்பில் சோறு இருந்தால் என்னைக் கூப்பிட்டு, அடிப்பிடித்திருக்கிறதா பார் என்பாள். பூக்காரி வந்தால், நேற்றையதா இன்றையதா நீ பார்த்து வாங்கு என்பாள். என்னைப் பொறுப்பாக வளர்க்கிறாள் என்று நினைத்து நான் பூரித்துப்போவேன். எனக்கும் மூக்கு போன பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து இடிக்கிறது. கேட்கலாம் என்றால் அம்மா இல்லை.

இவ்வளவும் அந்தக் கடையில் நிற்கும்போது எனக்குள் ஓடி முடிந்தது. அதற்குள் அந்தப் பெண்பிள்ளை இன்னும் ஒரு ஜாடியைத் திறந்து நீட்டியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், என் மகன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"எங்க அம்மா சின்ன வயசுல இருந்து கொட்டை வாசத்துலயே வளந்தவங்க. அவங்களுக்கு வரலைன்னா அதுல இல்லன்னுதான் அர்த்தம். பழைய சரக்கை எடுத்து நீட்டுறீங்களா?" என்றான். ஓனரைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னான்.

நேற்றுத்தான் வறுத்து வந்தது சார் என்றது அந்தப் பிள்ளை. அதன் குரல் அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

"எலே, சும்மா இரு" என்றேன். "எனக்கு. எனக்கு வாசம் வரல. கொட்டை நல்லாத்தான் இருக்கும்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டான்.

சொன்னேன். நான் பயந்தபடியே அடுத்த கேள்வி கேஸ் அடுப்புதான். கோயம்புத்தூர்ப் பேச்சும் கடை வாசலைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு வரை தினமும் போனில் அதே சண்டை. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை. அது கிடக்கட்டும்.

அன்றைக்குக் கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் கையில் இருந்த ஜாடியை வாங்கி மகனிடம் கொடுத்தேன். நீ மோந்து சொல்லு என்றேன். எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்றான். தெரியாவிட்டால் பரவாயில்லை, மூக்கை வை என்றேன். வைத்தான்.

"வருதும்மா. நல்லா வருது."

எங்கள் அப்பா ஒரே ஒரு பொட்டலத்தை வழியில் பிரித்து மோந்திருக்கலாம்.